பத்திரத்தில் ஒரு தாப்பிசை: தமிழ் இலக்கியம் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

குடியாத்தத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் என்னோடு படித்தவன் ஒருவன் பத்திரம் எழுதுகிறான். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் முனகிக்கொண்டே சுற்றும் ஃபேன். படித்தது பி.ஏ. தமிழ் இலக்கியம். போன கோடையில் ஒரு மதியம் அவனோடு உட்கார்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை எடுத்து நீட்டினார். 1940களில் எழுதியது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது.

அந்தக் காலத்துப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி எதுவும் இருக்காது. ஒரே வாக்கியம் ரெண்டு பக்கம் ஓடும். சிக்கல் அதில் ஒரு வரியில் இருந்தது: ‘வடபாதி புஞ்சை மூத்தவனுக்கும் கிணற்றுப் பாத்தியத்துடன் தென்பாதி புஞ்சை இளையவனுக்குமாக’. கிணறு யாருக்கு? பெரியவர் மூத்தவர் வழிப் பேரன். “படிச்சவங்க எல்லாரும் கிணறு தம்பி வூட்டுக்குத்தான்னு சொல்றாங்க” என்றார். நண்பன் அந்த வரியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தான், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிறுத்தி. பிறகு என் பக்கம் திரும்பி, “டேய், இது தாப்பிசை மாதிரி இல்ல?” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டில் சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் எடுப்பது என்பதற்கு நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் தாப்பிசை ஒன்று. நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல் மாதிரி முன்னாலும் பின்னாலும் போய் இரண்டு பக்கமும் பொருள் தரும். வகுப்பில் எல்லாரும் எழுதும் உதாரணம் ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண’ என்ற குறள். ‘ஊன்’ நடுவில் நின்றுகொண்டு ‘ஊன் உண்ணாமை’ என்று ஒரு பக்கமும் ‘ஊன் உண்ண’ என்று மறு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பரீட்சையில் அதற்கு ஐந்து மதிப்பெண். எழுதிவிட்டு மறந்து போனோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நண்பன் அதோடு விடவில்லை. ஒரு பாடலில் ஐயம் வந்தால் உரையாசிரியர்கள் நூலின் வேறு இடத்தில் சான்று தேடுவார்கள். அதே பழக்கத்தில் இரண்டாம் பக்கம் முழுக்க விரலை ஓட்டினான். கடைசிக்கு மூன்று வரி மேலே ‘அவரவர் முறைப்படி கவலை இறைத்துக்கொள்வது’ என்று இருந்தது. கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. “கிணறு ஒருத்தருக்குத்தான்னா ‘அவரவர் முறை’ன்னு ஏங்கையா எழுதப் போறாங்க? எதுக்கும் வக்கீலப் பாருங்க. ஆனா மறக்காம இந்த வார்த்தைக்குக் கீழ கோடு போட்டுக் காட்டுங்க.” பெரியவர் கவலை பூட்டி இறைத்த காலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

‘தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்’ என்ற கேள்வி வேலூர் மாவட்டத்தில் வருஷா வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது கூடவே வருகிறது. என் வீட்டிலும் வந்தது. நைனா அப்போது குடியாத்தத்தில் கூலிக்கு லுங்கி நெய்துகொண்டிருந்தார். “தமிழ்தான் தெரியுமே, அத்த போய் மூணு வருஷம் இன்னா படிக்கப் போற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை. இத்தனை வருஷம் கூடப் படித்தவர்கள் போன வழிகளைப் பார்த்த பிறகு, அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. பட்டத்தைப் பார்த்து எந்த வேலைக் கதவு திறக்கும் என்பது ஒன்று. பழைய நூல்களை மூன்று வருஷம் வரிவரியாகப் படித்தது ஆளை என்ன செய்யும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் பாடத்தின் கையில் இருந்ததே கிடையாது என்பது என் கட்சி.

இதற்கு பிரிட்டன் நல்ல சாட்சி. அங்கே ‘கிளாசிக்ஸ்’ என்றால் கிரேக்கமும் லத்தீனும். வீட்டில் யாரும் பேசாத மொழிகள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிதை, வரலாறு, தத்துவம். ஆக்ஸ்ஃபோர்டில் அதைப் படித்தவர்கள் மந்திரியானார்கள், நீதிபதியானார்கள், கவர்னரானார்கள். ஹோமர் படித்ததால் அறிவு பெருகி இதெல்லாம் நடந்தது என்று அவர்களே ரொம்ப நாள் நம்பினார்கள். ஆனால் இந்தியாவில் அதிகாரியாவதற்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்று மெக்காலே குழு 1854இல் சொன்னது, 1855இல் முதல் தேர்வு நடந்தது. அதன் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் அதைவிடக் குறைவு. தமிழுக்குக் கட்டமே கிடையாது. 1911 வரைக்கும் வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். அங்கே உட்கார்ந்து நம் ஊர் ஏரிக்கும் புறம்போக்குக்கும் உத்தரவு போட்ட கலெக்டர்கள் இந்தத் தேர்வு வழியாக வந்தவர்கள். தமிழைத் தேர்வில் ஜெயித்த பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

ஆக கிளாசிக்ஸுக்கு மவுசு வந்தது அந்த 750ஆல்தான். பணக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் அந்தப் பாடம் இருந்தது, அதே பாடத்துக்குத் தேர்வில் மதிப்பெண்ணை அள்ளி வைத்தார்கள், ஜெயித்தவர்கள் அந்தப் பாடத்தைப் புகழ்ந்தார்கள். இதற்குள் ஒரு நல்ல விபத்தும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டேனியல் சாண்ட்ஃபோர்டு என்ற கிரேக்கப் பேராசிரியரிடம் படித்த ஒரு மாணவர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அங்கிருந்து கொண்டுபோனார். அவர் 1838இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கிய கால்டுவெல். 1856இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. மதபோதனைக்காக வந்தவர் கிரேக்க வகுப்பில் பிடித்த பழக்கத்தைத் தமிழில் காட்டினார். எந்த வேலைவாய்ப்பு அதிகாரியும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

நம் பக்கத்துக் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு மு.வ.வைவிட நல்ல உதாரணம் இல்லை. வாலாஜாவுக்குப் பக்கத்தில் வேலம் அவர்கள் ஊர். படித்ததும் முதல் வேலையும் திருப்பத்தூரில். பள்ளியிறுதி முடித்துவிட்டுத் தாலுகா ஆபீஸில் எழுத்தராக உட்கார்ந்தார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டார். கல்லூரிக்கே போகாமல் தமிழைத் தனியாகப் படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், 1939இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி, 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தாலுகா ஆபீஸ் நாற்காலியிலிருந்து அங்கே வரைக்கும் போன பாதையில் முதல் படி வித்துவான் தேர்வு. கல்லூரிப் படியை மிதிக்க முடியாத பையன்களுக்கென்று அப்போது அப்படி ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு வழியாகப் போனவர்களுக்கு ‘பண்டிதர்’ என்ற பெயரும், ஆங்கிலம் சொல்லித்தரும் வாத்தியாரைவிடக் குறைந்த சம்பளமும் கிடைத்தது என்பது வேறு விஷயம். ரெண்டும் சேர்ந்தே வந்தன.

இன்றைக்கு அந்தப் பட்டியலைப் போடுவது டி.என்.பி.எஸ்.சி.யும் ஆசிரியர் தேர்வு வாரியமும். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம். குரூப் 4இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் முதல் 100 கேள்வி தமிழ், 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இதைக் கேட்டதும், அப்போ தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில் பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்து வருகின்றன. வேதியியல் படித்த பெண்ணும் ஆறு மாதம் உருப்போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுவிடுவாள். குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேறினால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடும் தமிழ் வழியில் வரலாறோ வணிகவியலோ படித்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதில் உண்மையில் பலன் அடைந்தவர்கள் பயிற்சி மையங்களில் தமிழ்த் தாள் எடுக்கும் வாத்தியார்கள். வேலூரில் புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் காட்பாடியிலும் மாடி மாடியாக அந்த மையங்கள். என் வகுப்பில் நாலு பேராவது அங்கே போயிருக்கிறார்கள். தாங்கள் எழுதி ஜெயிக்காத தேர்வுக்கு மற்றவர்களைத் தயார் செய்கிறார்கள். பி.எட். முடித்துவிட்டு, தகுதித் தேர்வில் தேறி, பிறகு பணி நியமனத்துக்காகக் காத்திருப்பவர்கள் இன்னொரு வரிசை. அந்தக் காத்திருப்பில் கல்யாணம் ஆகி, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும். இதை மூடி மறைத்துவிட்டுத் தமிழ் படியுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு பதவி இருக்கிறது, அதில் கௌரவம் எங்கே என்று அதில் இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

லத்தீன் படித்தவனுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவன் படித்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, அதனால் ஒரு பிரமிப்பு. நாம் படித்ததை காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிலிருந்து பூக்காரம்மா வரை எல்லாரும் பேசுகிறார்கள். 2004இல் தமிழைச் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தது, அதற்கென்று சென்னையில் நிறுவனம் வந்தது, 41 செவ்வியல் நூல்கள் என்று வரையறுத்தார்கள். நைனாவின் கேள்விக்கு அதெல்லாம் பதிலாகவில்லை. பேசுகிற தமிழுக்கும் அந்த 41 நூல்களின் தமிழுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும். முதல் வருஷம் பத்துப்பாட்டை உரை இல்லாமல் பிரித்துப் பார்த்தபோது எங்களில் பாதிப் பேருக்கு அது தமிழாகவே தெரியவில்லை.

சரி, இந்தப் படிப்பு ஆளை என்ன செய்யும் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

பழைய பாட்டைப் படிப்பது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில், யாப்புக்காகச் சீர் சீராக வெட்டி நிற்பதைச் சொல்லாகப் பிரிக்க வேண்டும். எங்கே சொல் முடிகிறது என்பதே முதல் சண்டை. அப்புறம் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே. பயனிலை பத்து அடி தள்ளி இருக்கும். அப்புறம் உரைகாரர் என்ன சொல்கிறார், ஏன் அப்படிச் சொல்கிறார், நச்சினார்க்கினியர் எதற்காக அங்கே கிடக்கும் சொல்லை இங்கே தூக்கிவந்து மாட்டுகிறார், அது நியாயமா. ஒரு வகுப்பு முழுக்க நாலு அடிதான் நகரும். அந்த மெதுவான நடை அப்போது கொட்டாவி வரவழைத்தது. எங்கள் தமிழ் ஐயா ‘அவசரப்படாதே, சொல் ஓடிப் போயிடாது’ என்பார். தெரிந்ததுபோல் தலையாட்டக் கூடாது, தெரியாத சொல்லில் நிற்க வேண்டும் என்பதை மூன்று வருஷமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களோடு படித்த ஒருத்தி இப்போது மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவங்களை மொழிபெயர்க்கிறாள். வேலூர் மாதிரி மருத்துவமனை ஊரில் இது ஓயாத வேலை. புது மருந்தைப் பரிசோதிக்கும்போது நோயாளிகளில் யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். குலுக்கல் மாதிரி ஒரு முறையில்தான் பிரிப்பார்கள். அதை நோயாளி புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவளிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு படிவத்தில் ‘உங்களுக்குச் சீரற்ற முறையில் சிகிச்சை அளிக்கப்படும்’ என்று இருந்ததாம். அகராதிப்படி அந்தச் சொல் சரி. பள்ளிகொண்டாவிலிருந்து வந்த பாட்டி அதைப் படித்தால் எழுந்து ஓடிவிடுவார். ‘சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, யாருடைய விருப்பமும் இல்லாமல்’ என்று அவள் மாற்றினாள். ‘பதவுரை எழுதினா போதாதுடா, பொழிப்புரை எழுதணும்’ என்று என்னிடம் போனில் சொன்னாள். இந்த வேலைக்கான விளம்பரத்தில் தமிழ் இலக்கியப் பட்டம் வேண்டும் என்று போடவில்லை. அவள் முதலில் அங்கே சேர்ந்தது டேட்டா என்ட்ரிக்கு.

இதே மாதிரிதான் எல்லாருக்கும் நடந்திருக்கிறது. முதல் வேலைக்குப் பட்டம் உதவவில்லை. மூன்றாவது வேலையில், யாரும் கேட்காத நேரத்தில், படித்தது கை கொடுத்திருக்கிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் ஆள் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு நண்பன், தொழிலாளிக்குக் கொடுக்கும் மெமோவையும் மேலே அனுப்பும் ரிப்போர்ட்டையும் நன்னூலின் பத்துக் குற்றங்களை வைத்துத்தான் திருத்துவானாம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் அவனுக்குப் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஆரம்பத்தில் பிரமாதமாகக் கிளம்பி, போகப் போகத் தேய்ந்து காணாமல் போவது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஸ்லைடுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் அந்தச் சூத்திரம் ஓடும் என்கிறான்.

எனக்கு நன்னூலில் வேறொரு இடம். ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று ஒரு வெண்பா. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவன் நூற்கிறவள், வாயே கை, மதியே கதிர். ஐயா இதை நடத்தியபோது ‘கதிர்’ என்றால் சூரியன் என்று வகுப்பே எழுதிக்கொண்டது. எனக்கு மட்டும் வீட்டில் அம்மா தார் சுற்றும் ராட்டையின் இரும்புக் கம்பி கண்ணில் நின்றது. அதன் பெயரும் கதிர்தான். எழுந்து சொன்னேன். ஐயா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு ‘வந்து நீயே நடத்து’ என்று சாக்பீஸை நீட்டினார். நெசவுக்காரன் வீட்டுப் பையன் என்பதை அதுவரை நான் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நைனாவிடம் அந்த வெண்பாவைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “கதிரு வளைஞ்சிருந்தா இழ அறுந்துடும், அது எழுதியிருக்கா?” என்றார்.

கல்வெட்டுப் பக்கம் போனவர்களையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் வட ஆற்காடு அவர்களுக்கு வயல் மாதிரி. தமிழ் முதுகலை முடித்துவிட்டு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பில் சேர்வார்கள். வேலூரிலிருந்து சென்னை போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரம் போனால் விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடர் தமிழர் தெலுங்கர் முதலான எல்லாரும் கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இனிமேல் கல்யாணத்தைக் கன்னியாதானமாகத்தான் நடத்த வேண்டும். பெண்ணுக்குப் பொன் கொடுத்தாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு. மீறினால் அரச தண்டனை, சாதியை விட்டும் விலக்கு. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றிலேயே இது வந்துவிட்டது. ஐயா எங்களை அங்கே கூட்டிப்போய், விரலால் எழுத்தைத் தடவச் சொல்லிப் படிக்க வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கல்வெட்டுக்காரனாகவே ஆனான். மற்றவர்களுக்கு என்ன மிச்சம் என்றால், ‘நம் வழக்கம் ஆதிகாலத்திலிருந்தே இப்படித்தான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே நம்புவதில்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் பணம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்ததைக் கல்லில் பார்த்துவிட்டோமே.

வி.ஐ.டி. இருக்கும் ஊரில் கம்ப்யூட்டர் பற்றிச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க முடியாது. கொழும்பில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம், லத்தீன், தத்துவம் படித்து 1956இல் பட்டம் வாங்கியவர் டோனி ஹோர். கடற்படையில் ரஷ்ய மொழி கற்றார், மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ரஷ்ய வாக்கியங்களை இயந்திரத்தால் மொழிபெயர்க்கும் முயற்சி. அகராதி காந்த நாடாவில் அகர வரிசையில் இருக்கும். வாக்கியத்தின் சொற்களையும் முதலில் அகர வரிசைப்படுத்திக்கொண்டால் நாடாவை ஒரே ஓட்டத்தில் தேடிவிடலாம். அதற்காக அவர் யோசித்த வழிதான் இன்று பொறியியல் மாணவர்கள் எல்லாரும் படிக்கும் குவிக்சார்ட். 1980இல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது வாங்கினார். கிளாசிக்ஸ் படித்ததால்தான் குவிக்சார்ட் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது மேடைப் பேச்சு. மொழியைச் சொல் சொல்லாகக் கழற்றிப் பார்த்துப் பழகியவர் அந்த நாடாவின் முன் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மேடைப் பேச்சு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் படிப்பு சிலரைக் கெடுத்தும் விடுகிறது. எதுகை மோனை கைவந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தமிழில் இருக்கிறது, எல்லாருக்கும் முன்னால் நாமே சொல்லிவிட்டோம் என்று மைக் கிடைத்த இடமெல்லாம் முழங்குவார்கள். உரைகாரர் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்ற வகுப்பிலிருந்து இப்படி ஆட்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்னொரு பக்கம் ஆங்கிலப் பயம். நேர்காணலில் முதல் கேள்வி ஆங்கிலத்தில் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்த நாட்கள் எனக்கும் உண்டு. பாடத்திட்டம் அதற்கு எந்த மருந்தும் தரவில்லை. தப்பித்தவர்கள் தாங்களாகக் கற்றுக்கொண்டவர்கள்.

வேலைக்கு வெளியே தெருவில் ஒரு வேலை எப்போதும் காத்திருக்கிறது, அதற்குச் சம்பளம் கிடையாது. தமிழ் படித்தவன் ஒருவன் தெருவில் இருந்தால் குழந்தைக்குப் பெயர் வைக்க அவனைத்தான் கேட்பார்கள். ‘வே’வுல ஆரம்பிக்கணும், மூணு எழுத்துக்கு மேல போகக் கூடாது, பக்கத்து வீட்டுல இருக்கக் கூடாது. கல்யாண வாழ்த்து மடல், காதணி விழா பத்திரிகை, இறந்தவர் படத்துக்குக் கீழே நாலு வரி. பிளக்ஸ் கடைக்காரர் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி ‘சார், “இதயாஞ்சலி” கரெக்டா?’ என்று கேட்பார். ‘இதய அஞ்சலி’ என்று பிரித்துப் போடச் சொன்னால், “ரெண்டா பிரிச்சா எடம் பத்தாது சார்” என்பார். பள்ளி வாத்தியாராக ஒரு நாள்கூட இருந்திராத என் பத்திர எழுத்தர் நண்பனைக் குடியாத்தத்தில் பாதிப் பேர் ‘தமிழ் ஐயா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று உண்டு, 583 அடி. செங்கத்தை ஆண்ட நன்னன் மேல் பாடியது. 1989இல் மாவட்டம் பிரியும்வரை செங்கம் நம் வட ஆற்காட்டில்தான் இருந்தது. பரிசில் வாங்கித் திரும்பும் கூத்தன், வழியில் பார்க்கும் பசித்த கூத்தனிடம் எந்த வழியாகப் போ, எங்கே வழுக்கும், எங்கே யானை வரும், எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவதுதான் முழுப் பாட்டும். ஆற்றுப்படை என்பதே வேலை கிடைத்தவன் கிடைக்காதவனுக்கு வழி சொல்வது. பாதை பிரியும் இடத்தில் மரத்தடியில் ஊர்ப் பெயர் எழுதிய கல் இருக்கும் என்றுகூட அதில் வருகிறது: ‘செல்லும் தேஎத்துப் பெயர்மருங்கு அறிமார் கல்லெறிந்து எழுதிய’. வழியில் இருக்கும் ஆபத்து ஒன்றையும் அந்தக் கூத்தன் மறைப்பதில்லை. பரிசு நிச்சயம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் பாட்டு நூறு அடியில் முடிந்திருக்கும்.

இந்த வருஷமும் ரிசல்ட் வந்ததும் தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அரசுக் கல்லூரியில் தமிழுக்குத் தனித் தரவரிசை, அதில் அவள் பெயர் மேலே இருக்கிறதாம். “அண்ணா, தமிழ் எடுக்கவா?” நான் கூத்தன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் வேலைக்கு எத்தனை வருஷம் ஆகலாம், குரூப் 4க்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை, ஆங்கிலத்தை முதல் வருஷத்திலேயே தனியாகப் படி, டைப்பிங் கற்றுக்கொள், மொழிபெயர்ப்பு வேலை எங்கெங்கே இருக்கிறது. கடைசியில் நன்னூல் வகுப்பில் மட்டும் தூங்கிவிடாதே என்றேன். “சரிண்ணா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். எடுத்தாளா இல்லையா தெரியாது.

போன வாரம் குடியாத்தம் போனபோது நண்பனிடம் அந்தக் கிணறு என்ன ஆச்சு என்று கேட்டேன். “கிணத்துல எங்கடா தண்ணி? அது வத்திப் பதினஞ்சு வருஷம் ஆச்சாம்” என்றான். அப்புறம் எதற்கு அந்தச் சண்டை? கிணற்றின் பேரில் இலவச கரண்ட் கனெக்ஷன் இருக்கிறது. போர்வெல் போட்டால் மோட்டாருக்கு அதுதான் வேண்டும். இரண்டு வீட்டாரும் மறுபடியும் வந்திருந்தார்களாம், இந்தத் தடவை சேர்ந்தே. கனெக்ஷனைக் கூட்டாக அனுபவிப்பதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு வாக்கியமும் ஒன்றரை வரிதான். காற்புள்ளி எல்லாம் இருந்தது. “அவரவர்” என்று வந்த இடத்தில் எல்லாம் அடித்துவிட்டு இரண்டு பேர் பெயரையும் முழுசாக, அப்பா பெயரோடு எழுதி வைத்திருந்தான்.